பெரிய கொம்புக்காகப் பயணம்: வெள்ளைவால் மான் வேட்டைக்கு எந்த மாநிலம்?

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் தெற்கு ஓரமும் மிசௌரி மாநிலத்தின் வடக்கு ஓரமும் ஒரே மண். மக்காச்சோள வயல், சோயா வயல், ஓடைக்கரையில் ஓக் மரங்கள் என எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மான்களும் ஒரே வகை. ஆனாலும் ஐந்து வயதைத் தாண்டிய ஆண் மானைப் பார்க்கும் வாய்ப்பு அயோவா பக்கம் கூடுதல். காரணம் நாட்காட்டி. மிசௌரியில் ரைபிள் பருவம் நவம்பர் நடுவில் வருகிறது. ஆண் மான் பெட்டையைத் தேடி, எச்சரிக்கையை மறந்து, பட்டப்பகலில் வெட்டவெளியில் திரியும் நாட்கள் அவை. அயோவாவில் அந்த நாட்களில் வில்லுக்கு மட்டுமே அனுமதி. ஷாட்கன் பருவம் டிசம்பரில்தான் தொடங்கும். அதற்குள் இணை சேரும் பருவத்தின் உச்சம் முடிந்து, மான்கள் மறுபடி புதருக்குள் ஒதுங்கிவிடும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. கொம்பைத் தேடி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வயதைத் தேடித் தேர்ந்தெடுங்கள். இரண்டரை வயதில் ஆண் மானின் கொம்பு அதன் முழு வளர்ச்சியில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும். மூன்றரையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஐந்தரை ஆறரையில் உச்சம். நல்ல மண்ணும் நல்ல பரம்பரையும் இருந்தும், மூன்றாவது ஆண்டிலேயே எல்லாம் சுடப்பட்டுவிடும் இடத்தில் பெரிய கொம்பு இருக்க வழியில்லை. ஒரு மாநிலத்தை எடைபோடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: துப்பாக்கிப் பருவம் எந்த வாரத்தில் வருகிறது, எந்த ஆயுதத்துக்கு அனுமதி, ஒருவர் ஆண்டுக்கு எத்தனை ஆண் மான் எடுக்கலாம்.

அதற்கு முன் உங்கள் மனதில் இருக்கும் அளவைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பூன் அண்டு கிராக்கெட் சங்கத்தின் நிரந்தரப் பதிவேட்டில் இடம்பெற, வழக்கமான அமைப்புள்ள கொம்புக்கு 170 புள்ளி வேண்டும், ஒழுங்கற்ற கிளைகள் கொண்டதற்கு 195. வில்லில் எடுத்தவற்றைப் பதியும் போப் அண்டு யங் சங்கத்துக்கு 125, 155. கொம்பு 60 நாள் காய்ந்த பிறகே அதிகாரபூர்வமாக அளப்பார்கள். முதன்மைத் தண்டு இரண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு இடங்களில் சுற்றளவு, உள் அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டினால் மொத்த ஸ்கோர். இடமும் வலமும் பொருந்தாத வித்தியாசத்தைக் கழித்தால் நிகர ஸ்கோர். விளம்பரங்களில் வருவது மொத்த ஸ்கோர், பதிவேடு பார்ப்பது நிகர ஸ்கோர். இரண்டுக்கும் நடுவே பத்துப் புள்ளி காணாமல் போவது சாதாரணம்.

வேலி இல்லாத நிலத்தில் 170 என்பது, நல்ல இடத்திலேயே ஆண்டுக்கணக்காக உழைப்பவர்களில் பலருக்கும் வாய்க்காத ஒன்று. முதல் பயணத்துக்கு மொத்த ஸ்கோர் 130 முதல் 140 வரை இலக்கு வைப்பது நியாயம். அதுவே கம்பீரமான மான். வழக்கமான அமைப்பில் உலக சாதனை 213 5/8. அந்த மான் 1993 நவம்பரில் கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் பிக்கர் ஊருக்கு அருகே எடுக்கப்பட்டது. ஒரு சாதனை மானை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பகுதியில் 130, 140 எத்தனை வருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அயோவா, கான்சஸ்: பொறுமை உள்ளவர்களுக்கு

அயோவாவில் வெளிமாநிலத்தாருக்கு ஆண் மான் எடுக்கக்கூடிய டேக் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) ஆண்டுக்கு 6000 மட்டுமே. மாநிலம் பத்து மண்டலமாகப் பிரிக்கப்பட்டுக் குலுக்கல் நடக்கும். கிடைக்காத ஆண்டில் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். தெற்கு மண்டலங்களில் வில் டேக் வேண்டுமானால் நான்கைந்து ஆண்டோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். ஷாட்கன் டேக்குக்கு அதைவிடக் குறைந்த புள்ளிகளே போதும். கட்டணம் 600 டாலருக்கு மேல். விண்ணப்பம் மே மாதத்தில் திறக்கும். போகப்போவது ஐந்து ஆண்டு கழித்து என்றாலும் புள்ளி வாங்குவதை இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் அதை ஈடுகட்ட வழி கிடையாது.

கான்சஸில் விண்ணப்பம் ஏப்ரலிலேயே முடிந்துவிடும். இலையுதிர்காலத்தில் வேட்டை நினைவுக்கு வந்து தேடுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ரைபிள் பருவம் நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) அடுத்த புதன்கிழமை தொடங்கி 12 நாள். அயோவாவைப் போலவே, இணை சேரும் உச்சத்தில் துப்பாக்கி இல்லை. மேற்கே போகப் போக மரம் குறைந்து புல்வெளி விரியும். ஓடைக்கரை மரவரிசையே மானின் பாதை என்பதால் எங்கே உட்காருவது என்பதை ஊகிக்க எளிது. தனியார் நிலத்தை அரசே குத்தகைக்கு எடுத்து வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிடும் திட்டமும் அங்கே உண்டு. கையில் பணம் குறைவாக இருந்தால் அந்த வரைபடத்தை முதலில் பாருங்கள்.

இந்த ஆண்டே போக வேண்டுமென்றால்

என் தேர்வு ஒஹையோ. டேக்கைக் கடையிலோ இணையத்திலோ நேராக வாங்கலாம், குலுக்கல் இல்லை. ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரே ஆண் மான். அதனால் உள்ளூர்க்காரர்களும் சிறியதைப் பார்த்தால் விட்டுவிடப் பழகியிருக்கிறார்கள். துப்பாக்கி வாரம் நன்றி நவிலலுக்கு அடுத்த திங்களன்று தொடங்குகிறது. அதிலும் ஷாட்கன், மசில்லோடர் (குழல் வாய் வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கி), நேரான உறையுள்ள தோட்டாவுக்கான ரைபிள் போன்றவைதான், நெடுந்தூர ரைபிள் கூடாது. வில் பருவம் முழுக்கக் கிராஸ்போவுக்கு (விசையை அழுத்தி எய்யும் வில்) அனுமதி இருப்பதால், வில் இழுத்துப் பழகாதவர்களும் நவம்பர் முதல் வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தென்கிழக்கில் வேய்ன் தேசியக் காடு பொது நிலம். மேடும் பள்ளமுமான அந்த நிலத்தில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும், அது ஒன்றுதான் கடினம்.

இல்லினாய்ஸில் துப்பாக்கிக்கு இரண்டு பருவமும் சேர்த்தே ஏழு நாள்தான், தீனி போட்டு மானை வரவழைப்பதற்கும் தடை. பைக், ஆடம்ஸ், ஸ்கைலர் கவுன்டிகள் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. அந்தப் பெயராலேயே நிலக் குத்தகை ஏறி, பொது நிலத்தில் கூட்டமும் கூடிவிட்டது. விஸ்கான்சினின் பஃபலோ கவுன்டியும் அப்படித்தான். மிசிசிப்பிக் கரைக் குன்றுகள், பதிவேட்டில் அதிக மான்களைக் கொடுத்த கவுன்டி, ஆனால் நல்ல நிலமெல்லாம் குத்தகையில். புகழ்பெற்ற கவுன்டிக்கு இரண்டு கவுன்டி தள்ளி, அதே மண்ணும் அதே சட்டமும் உள்ள இடத்தைத் தேடுவது புத்திசாலித்தனம்.

கென்டக்கியிலும் ஆண்டுக்கு ஒரே ஆண் மான்தான். அங்கே வில் பருவம் செப்டம்பர் முதல் சனிக்கிழமையே திறக்கும். கொம்பில் இன்னும் வெல்வெட் தோல் உரியாத மானை எடுக்க விரும்பினால் அந்த முதல் வாரமே தருணம். கோடைப் பழக்கம் மாறாமல் மாலையில் அதே சோயா வயலுக்கு அதே வழியில் வந்துபோகும். ஒரு முறை கலைத்துவிட்டால் பிறகு இருட்டிய பின்தான் வரும்.

தெற்கு டெக்சஸும் சஸ்காட்செவானும்

வெப், டிமிட், லாசால் கவுன்டிகளின் முள்காட்டில் இணை சேரும் பருவம் டிசம்பர் நடுவில்தான் வரும். நவம்பரில் விடுப்பு கிடைக்காதவர்களுக்கு இது வசதி. இரண்டு கொம்புகளை மோதி ஒலி எழுப்பி ஆண் மானை வரவழைக்கும் உத்தி வேறெங்கும் இவ்வளவு பலிக்காது. நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியாருடையது, அதனால் செலவு கூடுதல். பல பண்ணைகள் கொம்பின் அளவுக்கேற்ப விலை வைக்கின்றன. முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியது, அந்த ஆண்டு வசந்தகால மழை எப்படி என்பது. வறண்ட ஆண்டில் கொம்பு கண்கூடாகச் சிறுத்துவிடும்.

உயர்ந்த வேலிக்குள் அடைத்து வளர்த்த மானைச் சுடுவதை நான் வேட்டையாகக் கருதுவதில்லை. பூன் அண்டு கிராக்கெட்டும் அத்தகைய மானை ஏற்பதில்லை. 'நிச்சயம் கிடைக்கும்' என்று யாராவது உறுதி சொன்னால், அங்கே எட்டடி வேலி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சஸ்காட்செவானில் வெளிநாட்டவர் அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணத்தைக் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்பவர்) மூலம்தான் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக முடியும். அங்கே மானின் உடலே பெரிது, 300 பவுண்டைத் தொடும் ஆண் மான்களும் உண்டு. காட்டோரத்தில் தீனி வைத்த இடத்துக்கு எதிரே, விடியலிலிருந்து இருட்டும் வரை ஆறு நாள் அசையாமல் உட்கார்ந்திருப்பதே வேட்டை. குளிர் மைனஸ் 20க்குக் கீழே போகும். பலர் மூன்றாம் நாளே மதியத்தில் கூடாரம் திரும்பிவிடுகிறார்கள், பெரிய மான் வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பகல் முழுக்கச் சும்மா உட்கார முடியாதவர் இதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

அவுட்ஃபிட்டரிடம் கேட்க வேண்டியவை

வழிகாட்டியோடு மத்திய மேற்கில் (அயோவா, ஒஹையோ போன்ற மாநிலங்கள்) ஒரு வாரம் என்றால் பெரும்பாலும் 3000 முதல் 6000 டாலர். முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே கட்டுவதற்கு முன் கேளுங்கள். ஒரு பருவத்தில் மொத்தம் எத்தனை பேரை அழைத்துப் போகிறீர்கள், எத்தனை ஏக்கரில்? இந்த விகிதத்தைச் சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். நான் உட்காரும் பரணில் எனக்கு முன் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? நவம்பர் மூன்றாம் வாரத்தில் நீங்கள் ஐந்தாவது ஆளாக அதே பரணில் ஏறினால், அந்த வயதான மான் உங்களை எப்போதோ தெரிந்துகொண்டிருக்கும். காற்றுத் திசை மாறினால் மாற்றுப் பரண் உண்டா? குறைந்தபட்ச அளவு உண்டா, தவறினால் அபராதம் எவ்வளவு? காயப்பட்டு ஓடிய மானும் கணக்கில் சேருமா? (பெரும்பாலும் சேரும், சேரவும் வேண்டும்.) வெறுங்கையோடு திரும்பியவர்களின் தொடர்பு எண் கேளுங்கள். வென்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்.

தேதி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். மத்திய மேற்கில் வில்லோடு போனால் நவம்பர் 3 முதல் 12 வரை. பெட்டைகள் இன்னும் தயாராகாத, ஆண்கள் பொறுமையிழந்து அலையும் நாட்கள் அவை. நவம்பர் 15ஐ ஒட்டி ஆண் மான் ஒரு பெட்டையோடு ஒதுங்கிவிடும், நடமாட்டம் சட்டென்று குறையும். ஐந்து நாளுக்குக் குறைவாகப் போகாதீர்கள். வெயில் வாரம் ஒன்று வந்தால் மூன்று நாள் அப்படியே வீணாகும்.

புறப்படும் ஆண்டின் செப்டம்பரில் ஒரு தகவலை விசாரியுங்கள். கொசு போன்ற ஒரு சிறு பூச்சி கடித்துப் பரவும் ஈ.எச்.டி. நோய், வறண்ட கோடையின் முடிவில் தண்ணீர்க் கரைகளில் மான்களைக் கொன்று குவிக்கும். முதல் உறைபனி விழுந்தால்தான் நிற்கும். 2012இல் மத்திய மேற்கில் பல கவுன்டிகள் அப்படிக் காலியாயின. மூத்த மான்கள் மறுபடி தேற மூன்று முதல் ஐந்து ஆண்டு வேண்டும். மாநில வனவிலங்குத் துறையின் இறப்புப் பட்டியலைப் பாருங்கள். மோசமாக இருந்தால் தேதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளக் கேளுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே நடுவண் சட்டப்படி குற்றம். ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதைத் தேதி குறித்து நினைவில் வையுங்கள். நண்பரின் துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்ப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேட்டைக் கல்விச் சான்றிதழைக் கோடையிலேயே வாங்கிவிடுங்கள், ஒரு மாநிலத்தில் வாங்கியதை மற்ற மாநிலங்கள் ஏற்கும்.

கனடா போவதானால் துப்பாக்கி அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, கையெழுத்து போடாமல் எடுத்துப் போங்கள். எல்லை அதிகாரி முன்தான் போட வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, 60 நாள் செல்லும். பழைய குடிபோதை ஓட்டுநர் வழக்கு இருந்தால் எல்லையிலேயே திருப்பி அனுப்பக்கூடும். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோடு அமெரிக்கா திரும்ப, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் நடுவண் அமைப்பான ஏ.டி.எஃப்.பின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அவர்களுக்கு அவுட்ஃபிட்டரின் துப்பாக்கியைக் கடன் வாங்குவதே எளிது. விமானத்தில் துப்பாக்கி, தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டா 5 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள்.

திரும்பும் வழியில், மானின் மூளையைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. நோய் பற்றிய விதிகள் குறுக்கே வரும். மூளையும் முதுகெலும்பும் உள்ள உடலைப் பல மாநிலங்கள் எல்லைக்குள் விடாது. எலும்பு நீக்கிய இறைச்சி, தோல், திசு ஒட்டாமல் சுத்தம் செய்த மண்டைத் தகடோடு கொம்பு ஆகியவற்றுக்குத் தடை இல்லை. முகத்தோடு பாடம் செய்ய விரும்பினால் தோலை உரித்துத் தர உள்ளூர் டாக்ஸிடெர்மிஸ்ட் ஒருவரை முன்பே பேசி வையுங்கள். கழுத்து நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக உறைபெட்டியில் வைத்திருங்கள். நோய் இருப்பதாக முடிவு வந்தால் உண்ண வேண்டாம். மண்டைத் தகட்டைச் சுரண்டிக் கழுவ ஒரு கம்பித் தூரிகையும் சிறு ரம்பமும் வண்டியில் இருக்கட்டும், இந்த வேலையை எல்லைக்கு முந்தைய ஊரிலேயே முடித்துவிட வேண்டும்.