ஒரே ஷாட்டில் ஹைட்: ஆறாவது முயற்சியில் கோடு மறைந்தது

வீட்டில் செல்போனை வைத்து ஒரு பழைய சினிமா வித்தையைச் செய்து பார்த்தேன், ஒருவழியாக வந்துவிட்டது! நல்ல டாக்டர் ஜெக்கில், ஹைட் என்ற கொடியவனாக மாறும் கதை. 1931-இல் ரூபன் மமூலியன் எடுத்த 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில், பிரெட்ரிக் மார்ச்சின் முகம் வெட்டே இல்லாமல் கண்ணெதிரே மாறத் தொடங்குமே, அந்தச் சில விநாடிதான் இலக்கு. ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் இதே வித்தையை 1925-இன் 'பென்-ஹர்' படத்தில், தொழுநோய் குணமாகும் காட்சிக்குத் தலைகீழாகச் செய்திருந்தார். முகத்தில் சிவப்புக் கோடு. லென்ஸ் முன்னால் வைக்கும் சிவப்பு வடிகட்டியில் (நிறக் கண்ணாடி) தோலும் கோடும் ஒரே வெளுப்பு. பச்சைக்கு மாறினால் கோடு மட்டும் கறுக்கும். கறுப்பு வெள்ளையில் மட்டுமே பலிக்கும்; கலரில் எடுத்தால் குட்டு உடைந்துவிடும்.

முதல் நான்கு முயற்சிகளைக் கெடுத்தது, வடிகட்டிக்குப் பதிலாக வைத்த கடைக் கண்ணாடி பேப்பர் (நிற செலோபேன்). சிவப்பையும் பச்சையையும் ஒரு விரற்கடை மேலேற்றி ஒட்டி, செல்போன் லென்ஸ் முன்னால் இழுத்தால், இரண்டும் சேரும் இடத்தில் ஒளியே நுழையாமல் கறுப்புப் பட்டை ஓடுகிறது. நடுவில் மஞ்சள் வைத்தால் பட்டை போகும், ஏனென்றால் மஞ்சள் இரண்டையும் விடும். ஆனால் லென்ஸ் கடுகளவு. அரை சென்டிமீட்டர் நகர்த்தலில் மாற்றம் முடிந்துவிடுகிறது. போதாததற்கு அந்தப் பச்சைப் பேப்பர் சிவப்பையும் கொஞ்சம் கசியவிடுகிறது. கோடு சாம்பலாகவே நின்றது.

பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிறம் மாற்றும் 9 வாட் எல்இடி பல்பு இரண்டை அருகருகே, முகத்துக்கு நேரே வைத்ததும் விஷயம் கூடிவந்தது. ஒன்று முழுச் சிவப்பு, மற்றது முழுப் பச்சை. சிவப்பை இறக்கிக்கொண்டே பச்சையை ஏற்ற வேண்டும். அளவு சொல்லிப் பயனில்லை: திரையில் நெற்றியின் சாம்பல் மாறாதபடி இரண்டையும் முன்கூட்டியே பொருத்திக்கொள்ள வேண்டும். நெற்றியும் சேர்ந்து இருண்டால் 'விளக்கு மங்குது' என்றுதான் தோன்றும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டையும் பூட்டாவிட்டால் போன் தானாகச் சரிசெய்து எல்லாவற்றையும் பாழாக்கும். ஷட்டர் வேகம் 1/50 விநாடி. மலிவு பல்பு ரொம்பக் குறைந்த வெளிச்சத்தில் வரிவரியாக ஓடும். அதற்கு முன்பே அணைத்துவிடலாம். ஜன்னலில் துளி வெளிச்சம்கூடக் கூடாது.

ஐந்தாவது முயற்சியில் சறுக்கியது சாயத்தில். மெரூன் லிப்ஸ்டிக் சிவப்பு ஒளியிலும் தோலைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. ஆரஞ்சு பக்கம் சாய்ந்த பளிச் சிவப்புதான் மறையும். தேங்காயெண்ணெயில் குழைத்தது இன்னும் மோசம், எண்ணெய்ப் பளபளப்பு எந்த ஒளியிலும் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். மேட் லிப்ஸ்டிக் அல்லது தண்ணீரில் கரைக்கும் முகச்சாயம் சரி. மாநிறத் தோல் பச்சை ஒளியில் தானும் கறுக்கும், ஆகையால் கோடு பென்சில் தடிமனில் போதாது. கன்னத்தின் பள்ளம், கண்ணடிக்குச் சுண்டுவிரல் அகலம் பூசி, ஓரத்தைத் தேய்த்து மழுக்க வேண்டும்.

சட்டை வெள்ளையோ சாம்பலோ. சிவப்புச் சட்டை போட்டால் ஜெக்கிலுக்கு முன்னால் சட்டை ஹைட் ஆகிவிடும்.

முடியும் பல்லும் இந்த வித்தையில் வராது, படத்திலும் அவை தனி ஒப்பனைதான். அதைத் தொடுவதற்குள் மனசு 1933-இன் 'தி இன்விசிபிள் மேன்' பக்கம் போய்விட்டது. உடம்பு தெரியாமல் உடை மட்டும் தெரிய, தந்திரக் காட்சிக் கலைஞர் ஜான் புல்டன் குழு கறுப்பு வெல்வெட்டுக்கு முன்னால், உடம்பைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி எடுத்த முறைக்கு, மீட்டர் கணக்கில் துணி வேண்டும். பளபளக்கும் ரகம் ஆகாது. விளக்கடியில் பிடித்துப் பார்த்து, மினுங்காததாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பல் அப்புறம்.