நாசா டேட்டாவுக்கு ரசீது கேட்ட ஆபீஸும் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டும்

விண்வெளித் தொலைநோக்கி டேட்டாவை வைத்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யலாமா என்று ஜூனியர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் டெலஸ்கோப்பை நினைத்துப் பயப்படாதீர்கள், காலேஜ் ஆபீஸை நினைத்துப் பயப்படுங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்தது ஒரு கிரகண இரட்டை விண்மீன். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஒன்று மற்றதை மறைக்கும், அப்போது வெளிச்சம் குறையும், அந்தக் குறைவை அளப்பதுதான் வேலை. 2018 ஏப்ரலில் நாசா ஏவிய டெஸ் செயற்கைக்கோள் வானத்தை 'செக்டார்' என்ற துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சுமார் 27 நாள் விடாமல் பார்க்கிறது. அந்த டேட்டா அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் கிடக்கிறது. ஹபுள், ஜேம்ஸ் வெப் டேட்டாவும் அங்கேயேதான். பைதானில் இந்த வெளிச்ச டேட்டாவை அலசும் லைட்கர்வ் பேக்கேஜைப் போட்டு, நட்சத்திரத்தின் டிக் எண்ணை (டெஸ் பட்டியலில் அதன் எண்) கொடுத்தால் கோப்பு இறங்கிவிடும். அக்கவுண்ட் வேண்டாம், காசு வேண்டாம். குடியாத்தத்தில் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து போன் ஹாட்ஸ்பாட்டிலேயே இறக்கினேன்.

சிக்கல் ஆரம்பித்தது ப்ராஜெக்ட் பதிவு ஃபாரத்தில். 'அளவீடு எடுத்த நிறுவனத்தின் சான்றிதழ், கட்டணம், ரசீது எண்' என்று மூன்று கட்டம். எங்கள் டிப்பார்ட்மெண்டில் முக்கால்வாசிப் பேர் படிகம் வளர்ப்பவர்கள். சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்பி எக்ஸ்-ஆர்-டி (எக்ஸ் கதிர் சோதனை) எடுப்பார்கள், பில் வரும், ஒட்டிவிடுவார்கள். அவர்களுக்காகப் போட்ட ஃபாரம் அது. என் ஃபாரத்தில் மூன்று கட்டமும் காலி.

"இன்னாம்மா, பில்லு இல்லாம எப்டிம்மா என்ட்ரி போடறது?" என்றார் கிளார்க். இலவசம் சார் என்றேன். "இலவசம்னு அவங்க சீல் வெச்சி லெட்டர் தரட்டும்." நாசாவிடம் சீல் வாங்கி வரச் சொல்கிறார்! உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதனால் யாருக்கும் லெட்டர் தரமாட்டார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, நீலக் கோடு போட்ட அந்த ரசீது எண் பத்தியில் விரலை வைத்துக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் நம்பர் இருந்தது. பூஜ்யம் போடட்டுமா என்றால், "ஆடிட்ல கேப்பாங்கம்மா."

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து, சித்திரை வெயிலில் வந்து இறங்கினால் கிளார்க் லீவு. அவர் இருக்கும் நாளில் எச்.ஓ.டி. வேறு ஊரில் வைவாவுக்குப் போயிருப்பார். இருவரும் இருந்த ஒரு நாள் கரண்ட் இல்லை, பிரிண்ட் எடுக்க முடியவில்லை. போன் போட்டு உறுதி செய்யாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

நடுவில் அந்த ஆபீஸிலேயே இன்னொருவர் யோசனை சொன்னார். "அதான் ஜவ்வாது மலையில காவலூர் இருக்குதே, அங்க போயி ஒரு சீல் வாங்கினு வந்துடும்மா." அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வானியல் என்றால் காவலூர் வானாய்வகம்தான், 1977-இல் யுரேனஸ் வளையங்களைப் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு, 1986-இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இன்றும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் பூமியை 13.7 நாளுக்கு ஒரு தரம் சுற்றிவரும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் டேட்டாவுக்கு அவர்கள் எப்படி சீல் போடுவார்கள்? பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இந்த அலைச்சலுக்கு நடுவே டேட்டாவும் தன் பங்குக்குப் படுத்தியது. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 ஆர்க் செகண்ட் (கோண அளவு) அகலம். முழுநிலவின் குறுக்கே சுமார் 85 பிக்சல்தான் பிடிக்கும். அவ்வளவு கரடுமுரடு. பக்கத்தில் வேறொரு நட்சத்திரம் இருந்தால் அதன் ஒளியும் அதே பிக்சலில் விழுந்து, கிரகணத்தின் ஆழம் குறைந்து தெரியும். எனக்கு அதுதான் நடந்தது, பழைய ஆய்வுகளில் இருந்த ஆழம் வரவே இல்லை. கயா விண்கலத்தின் நட்சத்திர அட்டவணையில் தேடினால் பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். இறக்கிய ஃபிட்ஸ் கோப்பின் (வானியல் டேட்டா வரும் வடிவம்) ஹெடரில், அதாவது தலைப்புக் குறிப்பில், கிரவுட்சாப் என்று ஒரு எண் இருக்கும், அதை முதலில் பாருங்கள். 1-க்கு அருகில் இருந்தால் வெளிச்சம் பெரும்பாலும் உங்கள் நட்சத்திரத்துடையது. கோப்பிலேயே இருக்கும் பி-டி-சி-சாப் என்ற திருத்தம் செய்த வெளிச்ச அளவு வரிசை இந்தக் கலப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆனால் மெதுவாக மாறும் நட்சத்திரமாக இருந்தால் அந்த மாற்றத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். என்னுடையது வேகமாகச் சுற்றுவது, தப்பித்தேன். செக்டாரின் நடுவில் டேட்டா இல்லாத ஓட்டை தெரிந்தால் பதற வேண்டாம், செயற்கைக்கோள் பூமிக்கு அருகே வந்து டேட்டா அனுப்பும் நேரம் அது. கேமரா பார்க்கும் பரப்பு முழுவதையும் காட்டும் படங்களை மொத்தமாக இறக்க ஆசைப்படாதீர்கள், டெஸ்கட் என்ற கருவி மூலம் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுங்கள்.

ஆபீஸ் முட்டுக்கட்டையை உடைத்தது எங்கள் கைடு மேடம்தான். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு இருப்பதுபோல் டேட்டாவுக்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் உண்டு. நாம் பயன்படுத்திய கோப்புகளுக்கென்றே ஒரு டி.ஓ.ஐ.யை மாஸ்ட் தளத்தில் உருவாக்கிக்கொள்ளலாம், 10.17909 என்று தொடங்கும். மேடம் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, டேட்டா பொதுப் பயன்பாட்டுக்குரியது என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதி, டிப்பார்ட்மெண்ட் சீல் குத்திக் கொடுத்தார். கிளார்க் அதை வாங்கிப் பார்த்தார். புள்ளி, சாய்கோடு எதையும் விடாமல் அந்த எண்ணை அப்படியே ரசீது பத்தியில் எழுதினார். "நம்பர் கீதுல்ல, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சொல்ல என்ன இருக்கிறது, தேங்க்ஸ் சார் என்று வந்துவிட்டேன். வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தேன்.

அதனால் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்த வாரமே டி.ஓ.ஐ. போட்டு வையுங்கள், அறிக்கையின் நன்றியுரையிலும் மாஸ்ட், டெஸ் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஜேம்ஸ் வெப் டேட்டா எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க: பல திட்டங்களில் முதல் 12 மாதம் தொலைநோக்கி நேரம் வாங்கிய குழுவுக்கு மட்டும்தான், தேதியைப் பார்த்து எடுங்கள். வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் 'டேட்டா நீ எடுத்தது இல்லையே' என்று நிச்சயம் கேட்பார். ஹெடர் பிரிண்ட்டையும் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியைக் கழித்த வரைபடத்தையும் கையில் வைத்திருங்கள், என்னிடம் அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.