_ரீட் மறுபடி அழைக்கப்படவில்லை

மார்ச் 3, செவ்வாய்

பக்கம் பக்கமாகத் தரவு வாங்கி அனுப்பும் நோட்.ஜேஎஸ் ஸ்ட்ரீம் (தரவைத் துண்டு துண்டாகத் தரும் ஆப்ஜெக்ட்) நடுவில் நின்றுவிட்டது. எர்ரர் இல்லை, எண்ட் ஈவென்ட் இல்லை. எக்ஸிட் கோடு (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) 13.

மார்ச் 3, இரவு

13 என்றால் டாப்-லெவல் அவெய்ட் (எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாத காத்திருப்பு) ஒன்று தீராமலே ஈவென்ட் லூப் (நிலுவை வேலைகளை ஓட்டும் சுழற்சி) காலியாகிவிட்டது என்று பொருள். ஸ்ட்ரீம்களை இணைத்து ஓட்டும் பைப்லைன் காத்துக்கொண்டிருக்கிறது. அதை எழுப்ப டைமரோ சாக்கெட்டோ எதுவும் பாக்கி இல்லை. இதே நிரல் பழைய காமன்ஜேஎஸ் மாட்யூல் முறைக் கோப்பில், ஓர் அசிங்க் ஃபங்ஷனுக்குள் இருந்திருந்தால் எக்ஸிட் கோடு 0. பாதித் தரவு போன வேலை வெற்றி என்று பதிவாகியிருக்கும். டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று திறந்திருந்தால் இன்னும் மோசம்: ப்ராசஸ் சாகவும் சாகாது, நகரவும் நகராது.

கோடு 13 கிடைத்ததே நல்லது.

மார்ச் 4, புதன்

38-ஆம் பக்கம். அதில் இருந்த 100 வரிகளும் நீக்கப்பட்டவை என்று குறிக்கப்பட்டவை. வடிகட்டி நூறையும் தள்ளிவிட்டது. _ரீட் (தரவு வேண்டும்போது ஸ்ட்ரீம் அழைக்கும் மெத்தட்) ஒரு தடவைகூட புஷ் செய்யாமல், அதாவது ஸ்ட்ரீமுக்குள் எதையும் போடாமல், முடிந்தது. கதை அங்கேயே முடிந்தது.

நோட்.ஜேஎஸ்ஸில் ரீடபிள் ஸ்ட்ரீம் எழுதும்போது வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது: _ரீட் ஒருமுறை அழைக்கப்பட்டால், புஷ் வழியாக ஏதாவது உள்ளே போகும்வரை மறுபடி அழைக்கப்படாது. "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு கொடி உள்ளே ஏறுகிறது. அதை இறக்குவது புஷ் மட்டும்தான். _ரீட் ரிட்டர்ன் ஆவதையோ, அதன் பிராமிஸ் தீர்வதையோ யாரும் கவனிப்பதில்லை. வெற்று ஸ்ட்ரிங்கையோ நீளம் பூஜ்ஜியமான பஃபரையோ புஷ் செய்து ஏமாற்றவும் முடியாது. அடுத்த _ரீட்டை அவை கொண்டுவராது என்றே நோட் ஆவணம் சொல்கிறது.

ஆக, ஒவ்வொரு _ரீட்டும் ஏதாவது ஒன்றைத் தந்தாக வேண்டும்: தரவு, முடிந்தது என்று சொல்லும் நல், அல்லது ஸ்ட்ரீமை அழிக்கும் டெஸ்ட்ராய். மூன்றுமில்லாத பாதை நிரலில் எங்கே இருந்தாலும் அங்கே ஸ்ட்ரீம் ஒருநாள் நின்றே தீரும்.

மார்ச் 5, வியாழன்

லூப் போட்டாயிற்று. பக்கம் வாங்கு, வடிகட்டு, தேறியதை புஷ் செய், இடம் இருந்தால் அடுத்த பக்கம். 38 தாண்டியது.

மார்ச் 6, வெள்ளி

வரி எண் 4,100-க்கு அடுத்து 4,201. 4,101 அதற்குப் பின்னால் வருகிறது.

மார்ச் 7, சனி

முந்தாநாள் போட்ட லூப்பே நோய்.

முதல் புஷ் நடந்ததும் கொடி இறங்கிவிடுகிறது. உள் பஃபரில் இன்னும் இடம் இருந்தால் அடுத்த டிக்கிலேயே ஸ்ட்ரீம் மறுபடி _ரீட்டைக் கூப்பிடும். பழைய _ரீட்டோ இன்னும் முடியவில்லை. அடுத்த பக்கத்துக்காக அவெய்ட்டில் நிற்கிறது. இப்போது இரண்டு லூப்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பக்க எண்ணை அவெய்ட்டுக்கு முன்பே கூட்டினால் எந்தப் பதில் முதலில் வருகிறதோ அது முதலில் போகும், வரிசை குலையும். அவெய்ட்டுக்குப் பின் கூட்டினால் ஒரே பக்கம் இரண்டு தடவை வரும். கடைசிப் பக்கத்தில் ஒரு லூப் நல் புஷ் செய்துவிட, மற்றது அதன் பிறகு ஒரு வரியைத் தள்ளினால் "புஷ் ஆஃப்டர் ஈஓஎஃப்" எர்ரர். அந்த எர்ரர் வந்தால் அதிர்ஷ்டம். மற்ற இரண்டும் சத்தமே போடாது. சிறிய தரவில் ஒன்றுமே தெரியாது, பதில் தாமதமாகும் நாளில்தான் வெளியே வரும்.

விதி: முதல் புஷ்ஷுக்குப் பின் அந்த _ரீட்டில் அவெய்ட் கூடாது. காத்திருப்பதெல்லாம் புஷ்ஷுக்கு முன்னால்.

மார்ச் 8, ஞாயிறு

வடிவம் பிடிபட்டது. ஆப்ஜெக்ட்டில் ஒரு கையிருப்பு வரிசை. _ரீட் உள்ளே முதல் லூப்: கையிருப்பு காலியாக இருந்து பக்கங்களும் மிச்சம் இருக்கும்வரை, ஒரு பக்கம் வாங்கி வடிகட்டிக் கையிருப்பில் போடு. அவெய்ட் இங்கே மட்டும். லூப் முடிந்தும் கையிருப்பு காலி என்றால் புஷ் நல், ரிட்டர்ன். இல்லையென்றால் இரண்டாவது லூப்: முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து புஷ் செய், புஷ் ஃபால்ஸ் திருப்பித் தந்தாலோ கையிருப்பு தீர்ந்தாலோ நிறுத்து. இதில் காத்திருப்பே இல்லை, அதனால் இன்னொரு _ரீட் நடுவில் நுழைய வழியில்லை.

ஃபால்ஸ் என்றால் "வேண்டாம்" அல்ல. அந்த வரி உள்ளே போய்விட்டது, அடுத்ததை நிறுத்து என்பதுதான் செய்தி. ஃபால்ஸ் வந்த வரியைத் திரும்பக் கையிருப்பில் வைத்தால் அது இருமுறை போகும்.

முழுவதையும் ட்ரை-கேட்ச்சில் சுற்றி, கேட்ச்சில் டெஸ்ட்ராய்க்கு எர்ரரைக் கொடுக்க வேண்டும். அசிங்க் _ரீட் எறியும் எர்ரர் ஸ்ட்ரீமுக்குத் தானாக வராது. கையாளப்படாத பிராமிஸ் நிராகரிப்பாகப் போய், நோட் 15 முதல் ப்ராசஸையே கவிழ்க்கும். எர்ரர் ஈவென்ட்டை நேரடியாக எமிட் செய்வதும் தவறு: ஸ்ட்ரீம் அழியாது, க்ளோஸ் வராது, திறந்தது திறந்தபடி கிடக்கும்.

மார்ச் 9, திங்கள்

ஹைவாட்டர்மார்க் (உள் பஃபர் எவ்வளவு நிறைந்ததும் புஷ் ஃபால்ஸ் தரும் என்ற அளவு) உச்சவரம்பு அல்ல, ஒரு கோடு மட்டுமே. 1 மெகாபைட் துண்டைத் தள்ளினாலும் வாங்கிக்கொள்ளும். பைட் ஸ்ட்ரீமில் அது பைட்களை எண்ணும். இயல்பு மதிப்பு பல காலம் 16 கிலோபைட்டாக இருந்து நோட் 22-இல் 64 ஆனது. ஆப்ஜெக்ட் மோடில் எண்ணுவது ஆப்ஜெக்ட்களை, இயல்பாக 16. ஒவ்வொன்றும் 2 மெகாபைட் என்றால் 32 மெகாபைட் உள்ளே உட்கார்ந்திருக்கும், ஸ்ட்ரீம் அதைக் குறைவு என்றே நினைக்கும்.

ஃபால்ஸைக் கண்டுகொள்ளாமல் தள்ளினால் நினைவகம் ஏறிக்கொண்டே போகும். பேக்பிரஷர் (வாங்கும் பக்கத்தின் வேகத்துக்கு ஏற்பத் தரும் பக்கத்தை நிறுத்திவைப்பது) என்பதே அந்த ஒரு ஃபால்ஸுக்கு மரியாதை கொடுப்பதுதான்.

மார்ச் 10, செவ்வாய்

ரீடபிள்.ஃப்ரம். அசிங்க் ஜெனரேட்டர் (காத்திருந்து மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்) ஒன்றைக் கொடுத்தால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. பக்கம் வாங்கு, தேறியதை யீல்ட் செய், அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுக்கத் தள்ளப்பட்டாலும் ஜெனரேட்டர் அடுத்த பக்கத்துக்குத் தானே போகும். இரண்டு லூப் ஓடும் பேச்சே இல்லை.

அப்படியானால் இத்தனை நாள் எதற்கு? கிளாஸ் எழுதித்தான் ஆக வேண்டிய இடங்களும் உண்டு. கோப்பைத் திறந்த பிறகே படிக்கத் தொடங்க வேண்டும் என்றால் _கன்ஸ்ட்ரக்ட், மூடுவதைக் கையில் வைத்திருக்க _டெஸ்ட்ராய். ஆனால் பக்கம் பக்கமாக வாங்கும் வேலைக்கு இனி ஜெனரேட்டர்தான். கையால் எழுதிய _ரீட்டுக்கு இனி காரணம் கேட்கப்படும்.

கவனிக்க வேண்டியவை: அதன் இயல்பு ஆப்ஜெக்ட் மோட், ஹைவாட்டர்மார்க் 1. நல்லை யீல்ட் செய்தால் எர்ரர். ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் எழுத்தெழுத்தாகப் பிரிக்காது, முழுவதும் ஒரே துண்டாகப் போகும். நடுவில் டெஸ்ட்ராய் செய்தால் ஜெனரேட்டரின் ஃபைனலி ஓடும், ஆனால் அது நிற்கும் அவெய்ட் தீர்ந்த பிறகே. தொங்கிப்போன நெட்வொர்க் அழைப்பில் நின்றால் க்ளோஸும் தொங்கும். அதனால் ஃபெட்ச்சுக்கு, அழைப்பை நடுவில் கைவிடச் செய்யும் ஒரு அபார்ட் சிக்னல் கட்டாயம்.

மார்ச் 11, புதன்

கேள்விக்குறி வைத்த கறுப்புச் சாய்சதுரங்கள், தமிழ்க் கோப்பின் நடுவில்.

மார்ச் 11, பிற்பகல்

யூடிஎஃப்-8-இல் தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கோப்பு படிக்கும் ஸ்ட்ரீம் இயல்பாக 65,536 பைட் துண்டுகளாகத் தருகிறது. 65,536-ஐ 3-ஆல் வகுத்தால் 21,845, மீதி 1. இடைவெளிகூட இல்லாத தமிழ் உரையானால் 21,846-ஆவது குறியின் முதல் பைட் ஒரு துண்டில், மற்ற இரண்டும் அடுத்ததில். துண்டுக்குத் துண்டு டூஸ்ட்ரிங் செய்தால் இரு பக்கமும் சிதைகிறது. ஆங்கிலக் கோப்பை மட்டும் வைத்துச் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. அதுதான் வருத்தம்.

செட்என்கோடிங் யூடிஎஃப்-8 போட்டால் பாதி பைட்களை அடுத்த துண்டுவரை அதுவே பிடித்துவைக்கும். ஆனால் அது காப்பது குறியை, எழுத்தை அல்ல. "கி" என்பது க-வும் கொக்கியும், இரண்டு குறிகள், 6 பைட். க ஒரு துண்டின் கடைசியிலும் கொக்கி அடுத்ததன் தொடக்கத்திலும் வரலாம். சேர்த்து எழுதினால் பாதகமில்லை. துண்டுக்குத் துண்டு எழுத்து எண்ணினால் கணக்கு தப்பாகும். வரி முடிவுவரை சேர்த்துவைத்து, பிறகு எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்ட்ல்.செக்மென்டரிடம் கொடுப்பதே சரி.

மார்ச் 12, வியாழன்

ஒரே பஃபரில் திரும்பத் திரும்பப் படிக்காதே. புஷ் நகலெடுக்காது, அந்த இடத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் துண்டு இன்னும் வாசிக்கப்படாமல் வரிசையில் இருக்க, அடுத்த படிப்பு அதன் மேலேயே எழுதிவிடும். ஒவ்வொரு படிப்புக்கும் புதிய பஃபர். புஷ் செய்வது பஃபர் முழுவதையும் அல்ல, படித்த பைட் எண்ணிக்கை வரையான சப்அர்ரே. நினைவகத்தைத் துடைக்காமல் தரும் அலாக்அன்சேஃப்பில் வாங்கிய பஃபரை முழுசாக அனுப்பினால் கடைசித் துண்டின் வாலில் நினைவகத்தின் பழைய மிச்சம், யாருடைய கடவுச்சொல்லாகவும் இருக்கலாம், வெளியே போகும். படித்தது 0 பைட் என்றால் புஷ் நல்.

மார்ச் 13, வெள்ளி

பைப் அல்ல, பைப்லைன். எழுதும் பக்கம் உடைந்தால் பைப் படிக்கும் பக்கத்தை மூடாது.

மார்ச் 15, ஞாயிறு

சோதனைக்குள் போலிப் பக்கங்கள்: முதலாவது காலி, நடுவில் தொடர்ந்து மூன்று காலி, கடைசியும் காலி. ஒவ்வொரு பதிலுக்கும் வெவ்வேறு தாமதம், முன்னது பின்னதைவிட மெதுவாக. கையால் எழுதிய பழைய கிளாஸ், ஜெனரேட்டர், இரண்டையும் இதில் ஓட்ட வேண்டும். ஹைவாட்டர்மார்க் 1, 16, 1,000 மூன்றிலும்.

மார்ச் 16, திங்கள்

1-இல் சரி. 16-இல் சரி. 1,000 ஓடிக்கொண்டிருக்கிறது.