விழுகிறவன் யார்?

“இவன் ஏன் விழ வேண்டும்? கோபுரத்தைக் கட்டச் சொன்னவன் இவனா?”

பதினாறாம் அட்டையான ‘கோபுர’த்தின் முதல் வடிவத்தைப் பார்த்ததும் அக்கா கேட்டது இவ்வளவுதான். அட்டைகளுக்கு விளக்கம் எழுதுவது அவர் பொறுப்பு. பழைய ஓவியங்களை வெட்டி ஒட்டி, குறி பார்க்கப் பயன்படும் 78 டாரட் அட்டைகளையும் உருவாக்குவது என் பொறுப்பு. “உருவ அமைப்புக்காக எடுத்தேன், அக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையைத் திறந்தேன். அது பொய்யில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மிலானின் 15ஆம் நூற்றாண்டு விஸ்கொன்தி-ஸ்ஃபோர்ஸா டாரட் சீட்டுக்கட்டில் கோபுர அட்டை எஞ்சவில்லை. அதனால் 1909இல் வெளிவந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த அட்டையிலிருந்துதான் தொடங்கினேன்: மின்னல் தாக்கிய கோபுரம், உச்சியிலிருந்து தெறிக்கும் கிரீடம், தலைகுப்புற விழும் இருவர். கோபுரத்துக்கு, பீட்டர் புரூகல் 1563இல் வரைந்த, பைபிள் கதையில் வானைத் தொடக் கட்டப்பட்ட பாபேல் கோபுரத்தை விட்டால் வேறு எதை எடுப்பது? மின்னல் ஜோர்ஜோனேயின் ‘புயல்’ ஓவியத்திலிருந்து வந்தது. அடியில் எரியும் தீ, போஷ் வரைந்த நரகத்தினுடையது.

விழுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. புரூகலின் ஓவியத்தில் இடது கீழ்ப்பக்கம் அரசன் வேலையைப் பார்வையிட வந்து நிற்கிறான். கல்தச்சர்கள் அவன் முன் மண்டியிடுகிறார்கள். முதலில் அரசனைத்தான் வெட்டியெடுத்துக் கவிழ்த்தேன். நீண்ட அங்கி, ஆணியில் தொங்கவிட்ட சட்டையைப் போல அசைவில்லாமல் கிடந்தது. பிறகு ஒரு தச்சனைக் கவிழ்த்தேன். மடங்கிய முழங்காலும் வளைந்த முதுகும் அந்தக் கணமே விழத் தொடங்கின. மேலிருந்து அவன் முதுகில் பட்டிருந்த வெளிச்சம், கவிழ்த்ததும் கீழிருந்து வருவதாகிவிட்டது. அடியில் தீ எரியும் படத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? இரண்டாமவனையும் அந்தக் கூட்டத்திலிருந்தே எடுத்தேன்.

கட்டடம் சரிந்தால் சாரத்தில் நிற்பவன்தானே விழுவான்? அரசன் மேலே ஏறுவதே இல்லை. புரூகலே அவனைத் தரையில்தான் நிறுத்தியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் என் அட்டைதான் உண்மைக்கு நெருக்கமானது. இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நியாயம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. வெட்டும்போது நான் பார்த்தது முழங்காலின் கோணத்தை மட்டுமே. பின்னால் வந்து சேர்ந்த நியாயத்தைப் படத்தின் பொருள் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றும் தோன்றுகிறது. ஓவியம் செய்பவரின் கை பல நேரம் புத்திக்கு முன்னால் போய்விடுகிறது.

வேலையை இழந்தவர் ஒருவர் இந்த அட்டையை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுபவர்களில் ஒருவருக்குக் கிரீடம் உண்டு என்பது ஸ்மித்தின் படம். செருக்கு சரிகிறது என்று அதைப் படிப்பார்கள். என் படத்தில் விழுபவர்களுக்குச் செருக்கு இல்லை, கூலி மட்டும்தான் உண்டு. அது அவருக்கு ஆறுதல் தருமா, அல்லது தன் பங்கை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பைப் பறித்துவிடுமா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அக்கா படத்தை மாற்றச் சொல்லவில்லை. தன் விளக்கத்தை மாற்றினார்: ‘பிறர் கட்டச் சொன்னதைக் கட்டியவருக்கும் இந்த இடி உண்டு.’ அருமையான வரி. ஆனால் பொருளைப் பார்த்துப் படம் செய்வதுதான் எங்கள் வழக்கம். இங்கே என் முழங்கால் கோணத்துக்காக ஒரு பொருளே இடம்பெயர்ந்துவிட்டது. அந்த வரியைப் படிக்கும்போது பெருமையாகவும் இருக்கிறது, உறுத்தவும் செய்கிறது.

பின்பு ஒருநாள் அவரே கேட்டார்: “அந்த அரசன் மிச்சம் இருக்கிறானே, நான்காம் அட்டையில் பேரரசனாக வைத்துவிடலாமா?” வைத்துப் பார்த்தேன். அங்கியின் விறைப்பு அங்கே கச்சிதமாக அமைந்தது. உருவ அமைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. நான்காம் அட்டைக்கு இன்னும் வேறு அரசனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.