ஹோப்வெல்லில் இரண்டு நாள், ஒரே கரை

ஆகஸ்ட் 5, இரவு, மாங்க்டன்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தாச்சு. நாளைக்கு ஹோப்வெல் ராக்ஸ், ஃபண்டி விரிகுடாக் கரையில் கடல் அரித்து நிறுத்திய பாறைத் தூண்கள். ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களை, பார்த்து வைத்துக்கொண்டேன்: காலை 11.10க்கு நீர் முழுசாக இறங்கும், சாயங்காலம் 5.20க்கு முழுசாக ஏறும். வற்றத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று மணி நேரம்தான் கடல் தரையில் நடக்க முடியும் என்பதால் 9 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிகள் நிறைய என்று கேள்வி. பார்ப்போம்.

ஆகஸ்ட் 6, மதியம்

அம்மா ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கடைசிப் படியில் நின்று, "ஏட்டி, இம்புட்டுத் தண்ணியும் எங்கட்டி போச்சு?" என்றாள். தூத்துக்குடிக்காரி. எங்கள் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, அதனால் அவளுக்குக் கடல் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும் ஒன்று.

பாறைகளைப் பூந்தொட்டி என்று சொல்கிறார்கள், அது சரியான பெயர்தான்: அடியில் ஒல்லி, மேலே அகலம், உச்சியில் நாலைந்து ஊசியிலை மரங்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரே கல் கிடையாது, கூழாங்கற்களைச் சேறும் மணலும் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது, வெல்லப்பாகில் நிலக்கடலை மாதிரி. ஒரு கூழாங்கல்லைத் தொட்டேன், ஆடியது, கையை எடுத்துவிட்டேன்.

என் தலைக்கு மேலே பாறையில் பழுப்புப் பாசி தொங்குகிறது, காற்றடைத்த சின்னச் சின்னக் குமிழ்களோடு, இன்னும் ஈரமாக. அதைப் பார்த்தபோதுதான் நான் நிற்கும் இடம் கடலுக்கு அடி என்பது உடம்புக்கு உறைத்தது.

மிக்மாக் பழங்குடிகளின் கதை ஒன்று உண்டு: திமிங்கிலங்களிடம் அடிமைப்பட்டிருந்த மனிதர்கள் தப்பி ஓடி, கரையிலேயே பிடிபட்டுக் கல்லாகிப் போனார்கள் என்று. அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒரு பாறையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றாள்.

ஆகஸ்ட் 6, இரவு

மாலை மேல் தளத்திலிருந்து பார்த்தோம். காலையில் நடந்த இடமெல்லாம் பால் கம்மியாக ஊற்றிய டீ நிறத்தில் தண்ணீர், வண்டல் அவ்வளவு. தொட்டியின் ஒல்லி இடுப்பு முழுகிப்போய் மரங்கள் நின்ற சின்னச் சின்னத் தீவுகள்தான் மிச்சம். காலையில் நாங்கள் குனியாமல் நுழைந்த வளைவுக்குள் கயாக் படகு ஒன்று நுழைந்து போனது.

இன்று வளர்பிறை, அரை நிலாவை நெருங்குகிறது, அதனால் இது பெரிய ஓதமே இல்லை. ஆனாலும் மூன்று மாடி உயரம் இருக்கும். ஃபண்டி விரிகுடா நீளமான புனல் மாதிரி இருக்கிறது, அதற்குள் தண்ணீர் ஒரு முறை ஆடி வர ஆகும் நேரமும், சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் ஓதமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான். எதிர்க்கரையில் நோவா ஸ்கோஷியாவின் பர்ன்ட்கோட் ஹெட்டில் 16 மீட்டர் வரை ஏறும்.

ஆகஸ்ட் 7

மறுபடியும் போனோம், இன்று வற்றம் 12 மணி. யானைப் பாறை என்று ஒன்று இருந்தது, மாகாணத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில்கூட அதன் படம் இருந்தது. 2016 மார்ச்சில் அதில் பெரிய பாகம் உடைந்து விழுந்துவிட்டது. குளிர்காலத்தில் இடுக்குகளில் தண்ணீர் புகுந்து உறைந்து விரிவது ஒரு பக்கம், தினமும் இரண்டு முறை ஓதம் காலடியைக் கரைப்பது இன்னொரு பக்கம், இவை எல்லாமே விழப்போகிறவைதான். குன்றில் புதிதாக விரிசல் விட்டுத் தனியாகப் பிரியத் தொடங்கும் அடுத்த தொட்டிகளும் தெரிகின்றன. எனக்கு வருத்தம்தான். நேற்று அம்மா தடவிய பாறையை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

தயவுசெய்து யாராவது இங்கே வந்தால் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வற்றத்தையும் ஏற்றத்தையும் ரெண்டையும் பார்க்காமல் இது ஒரு பாதி இடம்.

ஆகஸ்ட் 8

டார்செஸ்டர் பக்கம் ஜான்சன்ஸ் மில்ஸ். ஆர்க்டிக்கிலிருந்து வரும் சின்ன உள்ளான் பறவைகள் இந்தச் சேற்றில் இறால் மாதிரியான சின்ன உயிர்களைத் தின்று எடையை இரட்டிப்பாக்கிக்கொண்டு, நிற்காமல் தென் அமெரிக்கா வரை பறக்குமாம். மாலை ஏழு மணி ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் எல்லாம் கரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன, கூழாங்கல் பரப்பு என்றுதான் நினைத்தேன். திடீரென்று எழுந்து மொத்தமாகத் திரும்பியபோது வயிற்று வெள்ளை ஒரு வினாடி மின்னியது.

"கிளம்பலாமா?" என்றேன். அம்மா கையை மட்டும் காட்டி இரு என்றாள்.