73 மெகாபாஸ்கல்தானே, எதற்குக் கவலை?

விமானக் கட்டமைப்பில் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் (பாகங்களுக்குள் எழும் தகைவைக் கணக்கிட்டு, அவை தாங்குமா என்று பார்ப்பவர்) வேலைக்காக பெங்களூரில் இரண்டு நிறுவனங்களின் நேர்காணலுக்குப் போனேன். முதலாவதில் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். 'நாம் மெக்கானிக்கல், ஏரோ படித்தவனைத்தான் எடுப்பார்கள்' என்று திரும்பும் ரயிலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்.

நடந்தது இதுதான். இறுதியாண்டு புராஜெக்ட்டில் இறக்கை ரிப் (இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் சட்டம்) ஒன்றை ஆன்சிஸ் என்ற கணினி மென்பொருளில் ஆய்வு செய்ததாக ரெஸ்யூமேயில் போட்டிருந்தேன்.

"அதிகபட்ச ஸ்ட்ரெஸ் எவ்வளவு?" எண்ணைச் சொன்னேன்.

"எங்கே வந்தது?" துளை ஓரத்தில்.

"மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பாகத்தைப் பிரிக்கும் கட்டங்களை, பொடியாக்கியபோது அந்த எண் மாறியதா?" பார்க்கவில்லை.

"கையால் போட்டால் எவ்வளவு வரும்?" போட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் மரியாதைக்கு. அகலமான தகட்டை ஒரு திசையில் இழுத்தால், வட்டத் துளையின் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தாலே என் எண் நம்பக்கூடியதா என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். ரெஸ்யூமேயில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு தாளாவது கைக்கணக்கு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அடுத்த எட்டு மாதம் புது மென்பொருள் எதையும் தொடவில்லை. எஸ்ஓஎம் (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) புத்தகத்தைத் தூசி தட்டி, பீம், பக்கிளிங் (அமுக்கும்போது நெளிந்து மடங்குவது), மெல்லிய சுவர் உருளை, போல்ட் இணைப்பு என்று முதலிலிருந்து போட்டேன். அரியர் வைத்த பாடம் அது. அந்தக் கோபமும் உதவியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நேர்காணலில் மூன்று பேர். கேள்விகளில் பெரும்பாதி நடுவில் இருந்த மேடத்திடமிருந்து வந்தது. ஒரு தாளில் இறக்கை வரைந்து, பறக்கும்போது எந்தப் பக்கம் இழுபடும் என்று கேட்டார். கீழ்ப்பக்கம் என்றேன். "அப்படியானால் இரண்டு பக்கமும் ஒரே அலுமினியம் போதுமே?" இதைத் தயாரித்திருந்தேன். மேல்தோல் அமுங்குகிறது, அங்கே வலுவும் பக்கிளிங்கும்தான் கவலை, அதனால் 7075 வகை அலுமினியக் கலவை. கீழ்த்தோல் ஒவ்வொரு பறப்பிலும் இழுபடுகிறது, அங்கே விரிசல் மெதுவாக வளரும் 2024 வகை. பல உலோக விமானங்களில் இதுதான் வழக்கம்.

"எரிபொருளை ஏன் இறக்கையில் வைக்கிறார்கள்?" இடம் இருக்கிறது என்று உளறினேன். அவர் பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். தூக்குவிசையை மேல்நோக்கியும் எரிபொருள் எடையைக் கீழ்நோக்கியும் வரைந்ததும் விடை தானாகத் தெரிந்தது: இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் வளைவு உந்தம் (இறக்கையை மேல்நோக்கி வளைக்கும் விளைவு) குறைகிறது. படம் வரையாமல் வாயைத் திறந்ததுதான் என் தப்பு.

பிறகு உடற்பகுதி. ஆரம் 2 மீட்டர், தோல் தடிமன் 1.5 மில்லிமீட்டர், உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வேறுபாடு 0.055 மெகாபாஸ்கல் (அழுத்தத்துக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதுதான் அலகு). அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தேன்: சுற்றுவாக்கில் சுமார் 73 மெகாபாஸ்கல், நீளவாக்கில் அதில் பாதி. "இந்த அலுமினியம் 300-க்கு மேல் தாங்குமே, 73-க்கு எதற்குக் கவலை?" இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு பறப்பும் ஒரு சுழற்சி. உடற்பகுதியைக் காற்றழுத்தத்தால் ஊதி, இறக்கி, மறுபடி ஊதுகிறோம். ஆணித்துளை ஓரத்தில் அதே 73 கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. 1988-ல் மேற்கூரை பிய்ந்துபோன அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 அதற்குள் 89,680 பறப்புச் சுழற்சிகளைக் கடந்திருந்தது. தோல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் நீள இணைப்பில் ஆணித்துளைகளிலிருந்து கிளம்பிய விரிசல்கள் ஒன்றுசேர்ந்துவிட்டன. அந்த இணைப்பு ஏன் நீளவாக்கில் பிளந்தது என்று கேட்டார். சுற்றுவாக்கு ஸ்ட்ரெஸ்தானே இரட்டிப்பு, அது நீள இணைப்பைத்தான் இழுத்துத் திறக்கும் என்றேன். முதல் முறையாகத் தலையாட்டினார்.

1954 காமெட் ஜெட் பயணிகள் விமான விபத்துகளைச் சொல்வதானால் 'சதுர ஜன்னல்தான் காரணம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கடலிலிருந்து மீட்ட சிதைவில் விரிசல் தொடங்கியதாகக் கண்டது பயணிகள் ஜன்னலில் அல்ல, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். இதை என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

லிமிட் லோடு, அல்டிமேட் லோடு நிச்சயம் வரும். சேவையில் எதிர்பார்க்கும் உச்சச் சுமை லிமிட், அதன் 1.5 மடங்கு அல்டிமேட், அதை 3 விநாடி தாங்கியாக வேண்டும். சோதனையில் போயிங் 777 இறக்கை 1995-ல் லிமிட்டின் 1.54 மடங்கில் உடைந்தது, ஏர்பஸ் ஏ380 இறக்கை 2006-ல் 1.45-ல். இரண்டு மடங்கு தாங்கினால் பாராட்டுவார்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டார்கள், தேவையில்லாத எடையைச் சுமந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கார்பன் ஃபைபர் தகட்டிலும் அதே மூன்று மடங்குதானா என்பது கடைசிக் கேள்வி. இழைத் திசையைப் பொறுத்து மாறும், எவ்வளவு என்று தெரியாது என்றேன். "போய்ப் பாருங்கள்" என்றார். எச்ஆர் சுற்று சம்பளமும் நோட்டீஸ் பீரியடும்தான், பத்து நிமிடம்.

மூன்று வாரத்தில் ஆஃபர் வந்தது. சேர்ந்த முதல் மாதம் முழுக்க எக்ஸெலில் ஆணித்துளைகளின் கைக்கணக்குதான் போட்டேன். ஆன்சிஸ் லைசென்ஸ் இரண்டாவது மாதம்தான் கிடைத்தது.