வாலை எடுத்துத் தலையில் வைத்தால் இரட்டிப்பாகும் எண்

105263157894736842. கடைசியில் இருக்கும் 2-ஐ எடுத்து முன்னால் வைத்தால் 210526315789473684. சரியாக இரண்டு மடங்கு! இப்படி நடந்துகொள்ளும் எண்களில் மிகச் சிறியதே 18 இலக்கம்.

கட்டம் போட்ட நோட்டில் வலக்கோடியில் 2 எழுதி, இடப்பக்கமாக நகர வேண்டும். எழுதிய இலக்கத்தை இரட்டித்து, கையில் இருப்பதைக் கூட்டி, அடுத்த கட்டத்தை நிரப்புகிறோம். 2, 4, 8. அடுத்து 16: 6 போட்டு கையில் 1. பிறகு 12-உம் 1-உம் 13: 3 போட்டு கையில் 1. கையில் உள்ள 1-ஐக் கட்டத்தின் தலையில் பென்சிலால் குறிப்பது கட்டாயம்.

ஏனென்றால் 15-ஆவது கட்டத்தில் மறுபடி 2 வருகிறது. சுழற்சி முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே நிறுத்தினால் மிஞ்சுவது 63157894736842. அதன் இரு மடங்கு 126315789473684. ஓர் இலக்கம் கூடிப்போய்விடும். அந்த 2-இன் தலையில் 1 இருக்கிறது. அதாவது அது 2 அல்ல, 12.

கையில் உள்ளதையும் இலக்கத்தையும் சேர்த்தே படித்தால் வரிசை தெளிவாகும்: 2, 4, 8, 16, 13, 7, 14, 9, 18, 17, 15, 11, 3, 6, 12, 5, 10, 1. 1 முதல் 18 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை! இதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது. புதியதைப் பத்தால் பெருக்கிப் பழையதைக் கழித்தால், எப்போதும் பழைய இலக்கத்தின் 19 மடங்கு வரும்: 16-இலிருந்து 13-க்குப் போகும்போது 130 − 16 = 114 = 19 × 6. எண்ணுக்குள் 19 நுழையும் வாசல் இதுதான். 2-ஐ 19-ஆல் வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பின் சுழல்வதும் இதே 18 இலக்கம்.

எக்செலில் போட்டால் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாகிவிடும். பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை.

மொரீஷியசில் இதை வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்கும்போது இரண்டிரண்டாகச் சொல்லக் கூடாது. நடுவில் 78, 94, 73 அடுத்தடுத்து வருகின்றன. இங்கே பேசும் கிரியோல் மொழியில் அவை அறுபது-பதினெட்டு, நாலிருபது-பதினாலு, அறுபது-பதின்மூன்று. 'அறுபது' காதில் விழுந்ததும் பேனா 6 போட்டுவிடும். தமிழில் ஒற்றை ஒற்றையாகச் சொன்னால் பிழை வராது. நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் இருக்கும் தமிழ் எண்களிலும் எழுதலாம்: ௧௦௫௨௬௩௧௫௭௮௯௪௭௩௬௮௪௨. பார்க்கவே அழகு.

அடுத்தது 18-க்கு 18 சதுரம். முதல் வரி 052631578947368421. அதன் 2 மடங்கு, 3 மடங்கு என 18 வரை கீழே. பெருக்க வேண்டாம், எல்லாமே அதே வளையத்தின் சுழற்சிதான். தொடங்கும் இடத்தை முதல் இரண்டு இலக்கத்தால் தேடுங்கள். 0, 9 தவிர மற்றவை இரண்டு முறை வருவதால் ஓர் இலக்கம் போதாது. 324 கட்டமும் நிரம்பியபின் எந்த வரியைக் கூட்டினாலும் 81, எந்த நிரலும் 81. மூலைவிட்டம் 0, 0, 7, 5, 5, 9, 0, 3, 0, 4, 2, 8, 7, 5, 6, 7, 5, 8: அதுவும் 81! ஒவ்வொரு சுழல் எண்ணும் இதைச் செய்யாது. 1-ஐ 7-ஆல் வகுத்தால் சுழலும் 142857-இன் 6-க்கு 6 சதுரத்தில் வரிகள் 27, மூலைவிட்டமோ 31.

மூன்று மடங்குக்கும் இதே வழிதான்: 3-இல் தொடங்கி, மும்மடங்காக்கி, கையில் 2 வரை வைத்துக்கொண்டு நகர்ந்தால் 28 கட்டத்தில் 1034482758620689655172413793. இப்போது 1 முதல் 28 வரை டிக் போட வேண்டும்.